தித்திப்பு வரிசை

அத்தியாயம் 7

பிரகாஷின் கழுத்தில் தேனீ கொட்டியபோது அவனுடைய இரண்டு கைகளிலும் ரம் இருந்தது. கையை விட்டால் மூன்று பாட்டிலும் சிமெண்டுத் தரையில் சிதறும். விடாவிட்டால் தேனீ வந்த வேலையை முடித்துவிட்டுத்தான் போகும். கழுத்தைக் கொடுத்துப் பாட்டிலைக் காப்பாற்றினான்.

"ஓசூரைச் சுத்தி ரோஜாத் தோட்டம் போட்டவனையெல்லாம் மொதல்ல உள்ள தள்ளணும் மேடம். பூவு பெங்களூருக்குப் போவுது, தேனீ மட்டும் நமக்குன்னு நிக்குது."

"உள்ள போனதும் வாயைத் திறக்காத" என்றாள் சுசித்ரா.

"மூக்கால பேசலாங்களா?"

காலையிலிருந்தே அவள் சிரிக்கவில்லை. தீப்பிடித்த குடோன்களையும் மூழ்கிய லாரிகளையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அளந்து அளந்து பொய்யின் வாசனையைப் பழகிக்கொண்டவள் அவள். இப்போது ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். பிரகாஷ் அவளுடைய டிரைவர், உதவியாளர், அவள் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிற ஆள். அவள் சிரிக்காவிட்டால் விஷயம் பெரிசு என்று அவனுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் அவனுக்குப் பேச்சு கூடுதலாக வரும். பயந்தவனுக்கு வாய்தானே துணை?

காரின் பின் சீட்டில் பிரவீனா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா கோவிந்தப்பன், இந்த மரகதா டிஸ்டிலரியின் தலைமைக் கலவையாளர். பல பீப்பாய்களின் ரம்மைச் சேர்த்துக் கலந்து ஒரே ருசிக்குக் கொண்டுவருவது அவர் வேலை. கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த 'மரகதா பன்னிரண்டு' என்கிற பன்னிரண்டு வருஷத்துக் கருப்பு ரம், அவர் நாக்கில் மட்டுமே இருக்கிறது. அளவு எங்கேயும் எழுதி வைத்ததில்லை. போன வாரம் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. போன்தான் வந்தது. 'உங்கப்பன் எங்களுக்கு ஒரு வேலை செஞ்சுக் குடுக்கறார். முடிஞ்சதும் அனுப்பிடுவோம். போலீசுக்குப் போனா பொணமா அனுப்புவோம்' என்றது ஒரு குரல்.

பிரவீனா அந்த முதல் பாதியை நம்பிக்கொண்டிருந்தாள். சுசித்ரா நம்பவில்லை. "வேலை முடிஞ்சா அனுப்ப மாட்டாங்க பிரகாஷ். முகத்தைப் பாத்த சாட்சியை எவன் வீட்டுக்கு அனுப்புவான்? வேலை முடியாத வரைக்கும்தான் அந்த மனுஷனுக்கு உயிர்" என்று அவனிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்.

கிடைத்த ஒரே துப்பு இந்த மூன்று பாட்டில்கள். எல்லை தாண்டி அத்திப்பள்ளி பார்களில் 'மரகதா பன்னிரண்டு' லேபிளோடு, பாதி விலைக்குக் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பிரகாஷ்தான் மோப்பம் பிடித்தான். போலிச் சரக்கு என்றால் தொண்டை எரிய வேண்டும். இது எரியவில்லை. வாடிக்கையாளர்கள் ஒரிஜினலை விட்டுவிட்டு இதைக் கேட்டு வாங்கினார்கள். அப்படிக் கலக்க ஒரே ஒருவரால்தான் முடியும்.

"அக்கா, நானும் வரட்டுங்களா?" என்றாள் பிரவீனா.

"நீ வண்டிலயே இரும்மா. தேனீ வருது, கண்ணாடியை ஏத்திக்கோ."

நிழல் தேடிப் பிரகாஷ் காரை நிறுத்தியிருந்தது காம்பவுண்டுக்குள் ஒரு பழைய கிடங்கின் சுவரோரம். கதவில் பூட்டு. 'கூரை வேலை நடைபெறுகிறது' என்று ஒரு அட்டை. கூரை மேல் ஆளும் இல்லை, ஏணியும் இல்லை. நாட்டில் நடக்கிற பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே பிரகாஷ் மேடம் பின்னால் நடந்தான்.

ஜெனரல் மேனேஜர் மாதவன் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். சலவைச் சட்டை, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ. "கோவிந்தப்பன் எனக்குக் கூடப் பொறந்த அண்ணன் மாதிரிங்க. என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க. எங்க அனுப்ரியாவே சுவைச்சுச் சொல்லட்டும். கோவிந்தப்பன் கைப்பட வளத்த பொண்ணு. அவருக்கு அடுத்த நாக்கு இந்தக் கம்பெனியில அவளோடதுதான்."

சுவைக்கும் அறை ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு மேஜை, வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ்கள், ஒரு கிண்ணத்தில் உப்பில்லாத பொரி, வெதுவெதுப்பான தண்ணீர், துப்புவதற்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம். அனுப்ரியாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் மட்டும் இருந்தது.

பிரகாஷ் அருகில் வந்ததும் அவள் மூக்கைச் சுருக்கினாள். "அண்ணா, காலையில பூண்டு சாப்பிட்டீங்களா?"

"களிக்குக் கீரை. கீரைக்குப் பூண்டு. நான் வேணாம்னுதான் சொன்னேன், கீரை கேக்கல."

"ஜன்னல் பக்கம் நின்னுக்கோங்க. பூண்டு, தலைக்கு வாசனை எண்ணெய், சென்ட், எதுவுமே இங்க ஆகாது."

பிரகாஷ் ஜன்னலோரம் நாடு கடத்தப்பட்டான். மாதவன் அனுப்ரியாவின் முதுகுக்குப் பின்னால் கை கட்டி நின்றார். சுசித்ரா மூன்று பாட்டில்களையும் மேஜையில் வைத்தாள். மூன்றுக்கும் ஒரே லேபிள், ஒரே மூடி, உடைக்காத சீல். எந்தப் பாரில் வாங்கியது என்று தெரிவதற்காகப் பிரகாஷ் அடியில் ஸ்டிக்கர் ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தான்.

"எங்க தொழில்ல ஒரு சட்டம் இருக்குதுங்க மேடம்" என்றாள் அனுப்ரியா. குரல் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. "தித்திப்பு கம்மியா இருக்கறதுல ஆரம்பிச்சு, தித்திப்பு ஜாஸ்தியா இருக்கறதுல முடிக்கணும். தித்திப்பு முதல்லயே நாக்குல உக்காந்துடுச்சுன்னா, அடுத்து வர்ற நல்ல ரம்மு கூட கசப்பாத்தான் தெரியும். நியாயமா தீர்ப்பு சொல்ல முடியாதுங்க."

"ரொம்பக் கருப்பா இருக்கறதுதான தித்திப்பு?" என்று ஜன்னலிலிருந்து கேட்டான் பிரகாஷ்.

"நிறம் பொய் சொல்லும்ணா. கருக்கின சர்க்கரையை ஒரு சொட்டு விட்டா தண்ணி கூட கருப்பாயிடும். அதனால கண்ணை நம்பவே கூடாது. சீலை உடைச்சு, கிளாஸ்ல கொஞ்சம் ஊத்தி, மோந்து பாத்து, அப்புறம்தான் வரிசை வைப்போம்." இதைச் சொல்லும்போது அவள் பிரகாஷைப் பார்க்கவில்லை. சுசித்ராவையே பார்த்தாள்.

பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். லேபிளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். மூன்றாவதை முதலில் வைத்தாள், அடுத்து ஒன்றாவதை, கடைசியாக இரண்டாவதை. நிதானமாக வைத்துவிட்டு, அதன்பின் சீல்களை உடைத்து ஊற்றினாள்.

கிளாஸைச் சாய்த்தாள், சுழற்றினாள், மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, பாத்திரத்தில் துப்பினாள். பொரி, தண்ணீர், மறுபடி அடுத்த கிளாஸ். பிரகாஷுக்கு வயிறெரிந்தது. இவ்வளவு நல்ல சரக்கைத் துப்புவதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

"முதல் கிளாஸ் வறண்டு நிக்குது. உலர்ந்த திராட்சை, கருகின வெல்லம், கொஞ்சம் கிராம்பு. அடுத்ததுல தித்திப்பு ஒரு படி ஏறியிருக்குது. கடைசி கிளாஸ்ல பாகு நாக்குல அப்பிக்கிச்சு, அடியில இருக்கற மரவாசமே தெரியல." கிளாஸை வைத்தபோது அவள் விரல் நடுங்கியது. "அந்தக் கடைசியில இன்னொரு வாசம் வருதுங்க. மாம்பழக் கூழ். கூழ் அடைச்ச டிரம்முல இந்த ரம்மை ஊத்தி வெச்சிருக்காங்க."

"அப்படின்னா கிருஷ்ணகிரி!" என்று மாதவன் கையைத் தட்டினார். "அந்த ரோட்டுல ஒரு கூழ் ஃபேக்டரி மூடியே கிடக்குதுங்க. சீசன் முடிஞ்சா அங்க ஈ காக்கா இருக்காது. இப்பவே போனீங்கன்னா புடிச்சுடலாம்!"

கார் நெடுஞ்சாலையில் ஏறிக் கிருஷ்ணகிரியை நோக்கிப் பறந்தது. பிரவீனா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "அங்கதான் இருப்பாருங்களா? நிச்சயமா இருப்பாருங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பேரண்டப்பள்ளி தாண்டியதும் சுசித்ரா, "ஓரம் கட்டு" என்றாள்.

லாரிகள் காரை உலுக்கிக்கொண்டு போயின.

"ரெண்டாம் நம்பர் பாட்டிலைத் திற. குடிக்காத. மோந்து மட்டும் பாரு. மாம்பழம் வருதா?"

பிரகாஷ் மோந்தான். இன்னொரு முறை, கண்ணை மூடிக்கொண்டு மோந்தான். "மேடம், நான் போச்சம்பள்ளியில பொறந்தவன். எங்கூருல கொழந்தைக்குப் பல்லு மொளைக்கறதே மாங்கொட்டையைக் கடிக்கத்தான். இதுல மாம்பழம் இல்லீங்க. மாமரத்து நெழல் கூட இல்லீங்க."

"எனக்கும் வரல. அவ பொய் சொன்னா."

"அனுக்காவா?" பிரவீனாவின் குரல் உடைந்தது. "எங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டவங்க. அப்பா காணாமப் போனன்னைக்கு என்னைக் கட்டிப் புடிச்சு அழுதாங்க."

"பாட்டிலை அவ வரிசை வெச்சதைக் கவனிச்சியா பிரகாஷ்?"

"மூணு, ஒண்ணு, ரெண்டு. நான் ஒட்டின நம்பருக்கு மதிப்பே இல்ல."

"எப்ப வெச்சா?"

பிரகாஷ் யோசித்தான்.

"சீலை உடைக்கறதுக்கு முன்னாடி வெச்சா" என்றாள் சுசித்ரா. "மோந்து பாத்துத்தான் வரிசை வைப்போம்னு சொன்னவ, மோக்காமலே வெச்சா. சுவைச்சுப் பாத்தப்போ அதே வரிசைலதான் தித்திப்பு ஏறிச்சு. லேபிள் ஓரத்துல பாரு, சின்னதா ஒரு எழுத்து அச்சாகியிருக்குது. இதுல ஏ, அதுல பி. எந்தக் கலவைல எடுத்ததுன்னு தெரியறதுக்குப் போட்ட அடையாளம். நமக்கு அது ஒண்ணுமில்ல. அவளுக்கு அதைத் தடவினாலே தித்திப்பு தெரியுது. இந்த மூணையும் அவ இதுக்கு முன்னாடியே சுவைச்சிருக்கா."

"அடிப்பாவி!" பிரகாஷ் ஸ்டியரிங்கைக் குத்தினான். "பூண்டு வாசம் ஆகாதாம், ஆளைக் கடத்தறது மட்டும் ஆகுமாம்! கூட்டுக்களவாணி மேடம் அவ. திருப்பட்டுங்களா வண்டியை?"

"திருப்பு."

அடுத்த திருப்பத்தில் கார் வளைந்து மறுபக்கச் சாலையில் ஏறியது. பிரவீனா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவ்வளவு நாளும் தைரியம் சொன்ன கையே அப்பாவைப் பிடித்துக் கொடுத்த கை என்றால் யாருக்குத்தான் நெஞ்சு தாங்கும்? பிரகாஷுக்கும் தாங்கவில்லை. ஆக்சிலரேட்டர் மேல் கோபத்தைக் காட்டினான்.

"இல்ல, தப்பு" என்றாள் சுசித்ரா திடீரென்று.

"ரோடா?"

"நான் நினைச்சது. தப்பு பண்றவ எவளாவது, அது ஏன் தப்புன்னு எனக்குப் பாடம் நடத்திட்டு, என் கண்ணு முன்னாடியே நிதானமாப் பண்ணுவாளா? தித்திப்பைக் கண்ணால கண்டுபிடிக்க முடியாதுன்னு என்னைப் பாத்துச் சொன்னா. அப்புறம் கண்ணாலயே பாத்து வரிசை வெச்சா. அவ தொழில்ல பச்சைக் குழந்தை கூட அப்படி வைக்காது. வாயால சொல்ல முடியாததை அவ கையால சொன்னா பிரகாஷ். இதையெல்லாம் எங்கிட்டக் கொண்டுவந்து சுவைக்கச் சொல்றாங்கன்னு சொன்னா."

"வாயால சொல்ல என்ன கேடு? ரூம்ல இருந்தது நாம மூணு பேர்..." பிரகாஷ் நிறுத்தினான். மூன்று பேர் இல்லை, நாலு பேர். நாலாவது ஆள் அவள் முதுகுக்குப் பின்னால் கை கட்டி நின்றார். மாம்பழம் என்றதும் கையைத் தட்டினார்.

"மாதவன் சாரா?" என்றாள் பிரவீனா.

"மாம்பழப் பொய்யைச் சொல்ல வெச்சதே அவன்தான். ஆளைக் கடத்தலாம். பன்னிரண்டு வருஷத்தை எப்படிக் கடத்துவாங்க?" என்றாள் சுசித்ரா. "உங்கப்பா எவ்வளவு பெரிய கைகாரரா இருந்தாலும் நேத்து வடிச்ச ரம்மை வெச்சு இந்த ருசியைக் கொண்டுவர முடியாது. மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா ஊறின பழைய ரம்மு வேணும். அது இந்தச் சுத்து வட்டாரத்துல ஒரே எடத்துலதான் இருக்குது. நாம கிருஷ்ணகிரிக்கு எதுக்கு ஓடினோம்? அவர் அந்தக் காம்பவுண்டை விட்டு வெளிய வரவே இல்ல."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று சொல்ல வந்த பிரகாஷ், கழுத்தில் சுருக்கென்று வலித்ததும் சொல்லவில்லை. மேடமும் அவன் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைக் கொட்டினது ரோஜாத் தோட்டத்துத் தேனீ இல்ல. அங்க செடி எல்லாம் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள இருக்குது. பீப்பாய்ல ஊறற ரம்மில சர்க்கரை கிடையாது, அதைத் தேடித் தேனீ வராது. கலக்கும்போது தித்திப்புக்காகப் பாகு காய்ச்சுவாங்க பாரு, அதுக்குத்தான் வரும். பூட்டிக் கிடக்கற கிடங்குக்குள்ள யார் பாகு காய்ச்சறது?"

பிரவீனா முகத்திலிருந்து கையை எடுத்தாள். "நான் அங்கதானக்கா உக்காந்திருந்தேன்" என்றாள். "அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம். நான் பாட்டுக்குக் கண்ணாடியை ஏத்திக்கினு உக்காந்திருந்தேன்."

சுசித்ரா இன்ஸ்பெக்டர் வெங்கடம்மாளுக்குப் போன் போட்டுச் சுருக்கமாகச் சொன்னாள். நாங்கள் வரும்வரை உள்ளே போகாதே என்றார் இன்ஸ்பெக்டர். சரி என்று சொல்லிவிட்டுச் சுசித்ரா போனை வைத்தாள். "காத்திருக்க முடியாது. பாட்டில் நம்ம கையில சிக்கினதை அவன் பாத்துட்டான். இனிமே அவனுக்கு ரம்மு முக்கியம் இல்ல, சாட்சி இல்லாமப் பண்றதுதான் முக்கியம்."

காம்பவுண்டு வாசலில் பிரகாஷ், மேடம் கைப்பையை மறந்துவிட்டார் என்று வாட்ச்மேனிடம் கன்னடத்தில் குழைந்து உள்ளே நுழைந்தான். கிடங்குக் கதவில் இப்போது பூட்டு இல்லை. பிரவீனாவின் தோளை அழுத்திக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு, சுசித்ரா கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் தள்ளினாள்.

உள்ளே இருட்டும் இனிப்பும் கலந்த காற்று. ரம் ஆவி கண்ணைக் கரித்தது. பீப்பாய்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது, பேச்சுக் குரல் கேட்டது. இருவரும் பீப்பாய்ச் சந்தில் தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் கோவிந்தப்பன். கணுக்காலில் சங்கிலி. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, உயிரோடு இருந்தார். மேஜைக்கு முன்னால் அனுப்ரியா நின்றாள். அவள் கையில் ஒரு கிளாஸைத் திணித்துக்கொண்டிருந்தார் மாதவன்.

"இன்னைக்குக் கலக்கினது. கடைசியாக் கேக்கறேன். நம்ம பன்னிரண்டு ருசி வந்துடுச்சா, இல்லையா?"

அனுப்ரியா மோந்தாள். வாயில் வைத்தாள். தரையிலேயே துப்பினாள். கோவிந்தப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையனின் முகம்கூட அவ்வளவு வெளிறியிருக்காது.

"இல்லீங்க சார்" என்றாள். "இன்னும் வரல. தித்திப்பு முன்னால வருது. மரவாசம் பின்னால தங்க மாட்டேங்குது."

கோவிந்தப்பனின் தலை தொங்கியது. மாதவன் சிரித்தார்.

"இது இவர் கலக்கினது இல்லம்மா. நம்ம கம்பெனி பாட்டில். ஷோகேஸ்லருந்து எடுத்து சீலை உடைச்சு நானே ஊத்தினது. ஒரிஜினலுக்கே ஃபெயில் போட்டுட்டியே?" அவர் சிரிப்பு நின்றது. "அந்தத் துப்பறியற பொம்பளை முன்னாடி உன் கை நடுங்கினப்பவே எனக்குச் சந்தேகம். இவர் எப்பவோ சரியாக் கலந்துட்டார். நீதான் இல்ல இல்லன்னு இழுத்துக்கினு இருந்திருக்கே. நானும் தேறலைன்னு நம்பி ஒவ்வொண்ணையும் பாதி விலைக்கு அத்திப்பள்ளிக்குத் தள்ளிக்கினு இருந்தேன். பரவால்ல. ஒவ்வொரு கலவையையும் நான் போன்ல வீடியோ புடிச்சு வெச்சிருக்கேன். எது சரின்னு, அளவை விலைக்குக் கேக்கற பெங்களூர் பார்ட்டி பாத்துக்கும். இனி உங்க ரெண்டு பேரு நாக்கும் எனக்குத் தேவையில்ல."

பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்தார். ஒரு சிறிய பீப்பாயைக் காலால் உதைத்தார். அடைப்பு தெறித்து ரம் தரையில் ஓடத் தொடங்கியது. "பழைய கிடங்கு. ஒயர் கோளாறு. பேப்பர்ல ஒரு மூலையில போடுவாங்க."

பிரகாஷ் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் இருந்த மேடத்தைக் காணவில்லை. சுசித்ரா எழுந்து வெளிச்சத்துக்கு வந்திருந்தாள்.

"க்ளெய்ம் நிக்காது மாதவன்" என்றாள் சாவகாசமாக. "நான் இன்சூரன்ஸ்ல எத்தனை குடோன் தீ பாத்திருக்கேன் தெரியுமா? ஒயர்ல ஆரம்பிச்ச தீ மேலருந்து கீழ வரும். ரம்முல ஆரம்பிச்ச தீ கீழருந்து மேல போகும். பால் குடிக்கிற பிள்ளை கூடக் கண்டுபுடிக்கும். அதோட, நீங்க நிக்கிற எடத்துலருந்து வாசல் தூரம். என் பக்கத்துலருந்துதான் கிட்ட. பத்த வைங்க, யார் முதல்ல வெளிய போறோம்னு பாப்போம்."

மாதவனின் கட்டைவிரல் லைட்டர் சக்கரத்தின் மேல் நின்றது. கண் வாசலை அளந்தது. அளக்கிற அந்த நேரம்தான் மேடம் வாங்கிக் கொடுத்த நேரம் என்று பிரகாஷுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? கையில் கம்பு இல்லை, கட்டை இல்லை. எதிரே அடுப்பு மேடையில், அணைந்த அடுப்பின் மேல், வாய் அகன்ற ஒரு கொப்பரை இருந்தது. விளிம்பு வரை கருப்புப் பாகு. அதன் மேல் தேனீக்கள் திருவிழாக் கூட்டமாக மொய்த்தன.

பிரகாஷ் தனக்குத் தெரிந்த ஊர்த் தெய்வத்தையெல்லாம் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிட்டு, இரண்டு கையாலும் கொப்பரையைத் தள்ளினான்.

பாகு மெத்தென்று இறங்கித் தரையில் பரவியது. தேனீக்கள் எழும்பின. மாதவன் சட்டென்று பின்வாங்கினார். பாலிஷ் போட்ட ஷூ பாகில் வழுக்கியது. கால் ஒரு பக்கம் போக, ஆள் ஒரு பக்கம் போய், பின்மண்டை தரையில் மோத விழுந்தார். பற்றவைக்காத லைட்டர் பாகுக்குள் போய் மூழ்கியது. எழுந்திருக்கக் கை ஊன்றினார், கையும் வழுக்கியது. அதற்குள் பிரகாஷ் தன் எண்பது கிலோவையும் அவர் நெஞ்சின் மேல் இறக்கியிருந்தான்.

"பேடா குரு, வேணாம், எழுந்திரிக்காத. உன் மேல இன்னும் கொஞ்சம் முந்திரி தூவினா தீபாவளிக்கு வித்துடலாம்." சொல்லி முடிப்பதற்குள் அவன் காதில் இரண்டு, முதுகில் ஒன்று கொட்டு விழுந்தது. அவன் அசையவில்லை. குரல் மட்டும் அழுகையாக வந்தது. "மேடம், சங்கிலி சாவி இவன் பாக்கெட்லதான் இருக்கும். சீக்கிரம்ங்க, என்னால ரொம்ப நேரம் வீரனா இருக்க முடியாது."

சுசித்ரா சாவியை எடுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் வெங்கடம்மாளின் அதட்டலுக்கு முன்னால் பிரவீனா ஓடி வந்தாள். பாகில் வழுக்கினாள், பீப்பாயைப் பிடித்துக்கொண்டாள், அப்பாவின் மேல் போய் விழுந்தாள். "அப்பா, அப்பா" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

கோவிந்தப்பன் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். ஆனால் கண் மகள் மேல் இல்லை. அவள் தோளுக்கு மேலே, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுப்ரியாவைப் பார்த்தது. போலீசையோ, கீழே கிடந்த மாதவனையோ அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அனு" என்றார். நாள்கணக்கில் பேசாத குரல், கரகரத்தது. "நேத்துக் கலந்தேன் பாரும்மா. நீ ஒவ்வொண்ணாக் குறை சொல்லச் சொல்லத் தித்திப்பை ஏத்தினேன், எறக்கினேன், ஒண்ணும் ஆகல. கடைசியில எனக்கே வழி தெரியாம, முதல் நாள் கலந்த அளவுக்கே திரும்பிட்டேன். அதுலயும் குறைன்னு சொல்லி அனுப்பினியாம். என்னம்மா குறை? இந்த நாய்கிட்டச் சாகறதைப் பத்தி நான் கவலைப்படல. நாக்கு செத்துப் போச்சேன்னுதான் ராவெல்லாம் உக்காந்திருந்தேன்."

அனுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளும் பொத்தி வைத்தது விரலிடுக்கில் வழிந்தது.

"ஒரு குறையும் இல்லீங்க சார்" என்றாள். "முதல் நாள் கலந்ததுலயே ஒரு குறையும் இல்ல. சரியா வந்துடுச்சுன்னு நான் சொல்லியிருந்தா, அன்னைக்கே உங்களைக் கொன்னிருப்பான்."

கோவிந்தப்பன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். சங்கிலியில் கட்டிப்போட்டபோது அழாத மனுஷன், மகள் வந்து கட்டிக்கொண்டபோதும் அழாத மனுஷன், இப்போது தோள் குலுங்க அழுதார்.